நெல்லை அண்ணாச்சியின் நீலப் புள்ளி

ஒரு செல்போன் ஆப்பில் 'எனக்கு உங்கள் மீது நம்பிக்கை இல்லை' என்று ஒரு பட்டனுக்கு வாசகம் எழுதியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எழுதியதோடு நிற்கவில்லை. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டி, பாராட்டையும் எதிர்பார்த்தேன். (என் மனைவி எழுந்துபோய் மிக்ஸியை ஓடவிட்டாள்.)

அந்த ஆப் என் மச்சான் தனசேகரனுடையது. மனைவியின் அண்ணன். சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கிறார். ஆடிப் பதினெட்டு என்றால் மற்ற ஊர்களில் ஆற்றங்கரைக்குப் போவார்கள். எங்களுக்கு ஆறு வாய்த்த லட்சணத்துக்கு, அன்றைக்கு நாங்கள் காலண்டர் ஆல்பம் வெளியிடுவோம். அடுத்த வருஷத்து முருகனும் லட்சுமியும் பச்சைக்கிளியும் எப்படி இருப்பார்கள் என்று வெளியூர் டீலர்கள் வந்து புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் நாள் அது.

அன்றைக்கு எல்லா பிரஸ்ஸிலும் பூஜை உண்டு, பந்தி உண்டு. டீலர்கள் எல்லா பிரஸ்ஸுக்கும் போவார்கள். எல்லா இடத்திலும் ஒரே வசனம்தான்: "ஒங்க ஆல்பத்தத்தான் மொதல்ல தொடுதேன்." பிரஸ்காரரும் "எனக்குத் தெரியாதா அண்ணாச்சி" என்று பூரித்துப்போவார். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஊரின் மொத்த வியாபாரமும் இந்த மரியாதைப் பொய்யின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது, நான் பேனாவைத் திறக்கும்வரை.

ஆப்பைச் செய்தவள் மச்சானின் மகள் நித்யா. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். டீலர்கள் போனிலேயே டிசைன் பார்த்து ஆர்டர் போடலாம், லோடு எங்கே வருகிறது என்று பார்க்கலாம். இதற்கு டீலரின் போனிடம் சில அனுமதிகள் வாங்க வேண்டும். அதற்கான தமிழ் வாசகத்தை எழுத ஆள் தேடினார்கள். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி நானே பரப்பி வைத்திருந்த வதந்தியை மச்சான் நம்பிவிட்டார்.

நித்யா தெளிவாகத்தான் சொன்னாள். "மாமா, ஆர்டர் போட எதுவுமே கேக்க வேண்டாம். லோடு கெளம்புற அன்னைக்கு மட்டும் கடை எங்கன இருக்குன்னு கேப்போம். எதுக்குக் கேக்குறோம்னு ஒரு வரி சொல்லுவோம். வேண்டாம்னா விட்டுருவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பொண்ணு பாக்கப் போனா காபி குடிக்கும்போது ஒண்ணு, கை கழுவும்போது ஒண்ணுன்னா கேக்குறோம்? வாசல்லயே எல்லாத்தையும் மரியாதையாக் கேட்டுறணும்மா."

"அதனாலதான் மாமா பாதி சம்பந்தம் வாசலோட போகுது."

டீலரின் போனில் இருக்கும் நம்பர்களையும் கேட்டுவிடலாம் என்றேன். "அது கல்லாச் சாவியக் கேக்குற மாதிரி" என்று அதை மட்டும் பிடிவாதமாக மறுத்துவிட்டாள். (பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தேன்.) ஆனால் இருக்கும் இடத்தை 'ஆப் திறந்திருக்கும்போது மட்டும்' கேட்டால் போதும் என்றபோது நான் விடவில்லை. உறவு என்றால் எப்போதும்தானே. 'எப்போதும்' என்றே கேட்க வைத்தேன். போன் தன் பங்குக்குக் கேட்கும் கேள்வியில் கைவைக்க முடியாது, அதற்கு முன்னால் வரும் நம்முடைய பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எழுதினேன்.

'பெருமதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் எவ்விடத்தில் எழுந்தருளியிருப்பினும் அவ்விடத்தை எப்போதும் அறிந்து மகிழும் பேற்றினை எங்களுக்கு நல்கி, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நம் நல்லுறவுக்கு மேலும் ஒளியூட்ட வேண்டுமாய்ப் பணிவன்புடன் வேண்டுகிறோம்' என்று தொடங்கி, போனில் விரலால் மூன்று தடவை தள்ளினால்தான் முடியும். அடியில் கல்யாணப் பத்திரிகைச் சிவப்பில், தங்க பார்டர் போட்டு, 'மனமுவந்து சம்மதிக்கிறேன்' என்று ஒரு பெரிய பட்டன். அதற்குக் கீழே, கொசு அளவு எழுத்தில், நான் முதலில் சொன்ன அந்த நம்பிக்கையில்லாப் பட்டன்.

ஆடி பிறந்ததும் ஆப் டீலர்களுக்குப் போனது. ஒருவர் பாக்கியில்லாமல் மனமுவந்து சம்மதித்தார்கள். மச்சான் அசந்துபோனார். நான் அசரவில்லை. தமிழுக்கு மயங்காதவர் யார் என்று நித்யாவைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆல்பம் வெளியீட்டன்று மச்சானுக்கு ஓர் ஆசை வந்தது. ஹாலில் பெரிய டிவியை வைத்து, டீலர்கள் எல்லோரையும் வரைபடத்தில் நீலப் புள்ளிகளாகக் காட்ட வேண்டும். "நம்ம ஆளுக எம்புட்டு ஊர்ல இருக்காகன்னு வர்றவுக பாக்கட்டும்."

"அப்பா, அது ஆபீஸுக்குள்ள பாக்குறது. அடுத்தவுகளுக்குக் காட்டப்படாது" என்றாள் நித்யா.

"எல்லாரும் சம்மதிச்சுட்டாகளே" என்று நான் சட்டம் பேசினேன்.

அன்றைக்கு நாங்கள் காத்திருந்தது திருநெல்வேலி டீலர் சௌந்தரபாண்டி அண்ணாச்சிக்காக. அவர் ஆர்டரை நம்பித்தான் மச்சான் குடோன் நிறையப் பேப்பர் வாங்கி அடுக்கியிருந்தார். அண்ணாச்சி ஆர்டர் கொடுத்தால் கார்த்திகை வரை மெஷின் ஓடும். கொடுக்காவிட்டால் பேப்பரைக் கரையானுக்குப் பந்தி வைக்க வேண்டியதுதான்.

மதியம் அவரே போன் செய்தார். மச்சான் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"தனசேகரா, சாத்தூர்ல நிக்கேன். காரு பஞ்சருவே. நீரு பந்தியப் போடும், வந்துருதேன்."

"அவசரமில்ல அண்ணாச்சி. ஒங்களுக்கு இலை எடுத்து வச்சிருக்கு" என்று மச்சான் போனை வைத்தார்.

ஹாலில் இருந்த தேனி டீலர் டிவியைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "சாத்தூரு இம்புட்டுப் பக்கத்துல வந்துருச்சா?"

எல்லோரும் திரும்பினோம். 'சௌந்தரபாண்டி, திருநெல்வேலி' என்ற புள்ளி எங்கள் தெருவிலேயே இருந்தது. எதிர்வரிசை ராமமூர்த்தி அண்ணாச்சியின் பிரஸ்ஸில், சரியாகப் பந்தி நடக்கும் கொட்டகையில்.

மற்ற வருஷமாக இருந்தால் அங்கே சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இங்கே வந்து பஞ்சர் கதையைச் சொல்லியிருப்பார். மச்சானும் "எந்த டயரு?" என்று அக்கறையாக விசாரித்திருப்பார். இப்போது ஹாலே அதைப் பார்த்துவிட்டது. மச்சான் என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

"நீங்க எழுதுனதுதானே. நீங்களே போயிக் கூட்டிட்டு வாங்க. யதேச்சையாப் பாத்த மாதிரி இருக்கணும். டிவியப் பத்தி மூச்சு விடாதீக."

தெருவைக் கடந்தேன். வாசலிலேயே ராமமூர்த்தி அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மாப்ள, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இழுத்துக்கொண்டுபோய் ஓர் இலைக்கு முன்னால் உட்காரவைத்தார். பக்கத்து இலையில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவர் எங்கள் சௌந்தரபாண்டி அண்ணாச்சி.

"நீரு எங்கவே இங்க?" என்றார்.

யதேச்சையாக வந்தேன் என்று சொல்லும்படி என்னை அனுப்பியிருந்தார்கள். தெருவைக் கடக்கும்போதே ஒத்திகையும் பார்த்திருந்தேன். ஆனால் பதற்றம் வந்தால் மட்டும் எனக்கு உண்மை வாயில் வந்துவிடும்.

"ஒங்களக் கூப்பிடத்தான் அண்ணாச்சி. நீங்க இங்கன இருக்கீகன்னு டிவியில தெரிஞ்சுச்சு."

அவர் கை இலையிலேயே நின்றது. "எந்த டிவி?"

"எங்க ஹால் டிவி. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காக." அவர் முகத்தைப் பார்த்ததும் ஆறுதல் சொல்லத் தோன்றியது. "ஒங்களுது மட்டும் இல்ல அண்ணாச்சி. ஆப் போட்ட எல்லார் புள்ளியும் தெரியும்."

அந்த வரிசை முழுக்க டீலர்கள். அத்தனை பேரும் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் போனை எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பரிமாறுகிறவர் ரச வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணாச்சி இலையை மடக்கினார். பாயசத்துக்குக் காத்திருக்கவில்லை. பஞ்சராகாத அவர் கார் திருநெல்வேலி இருக்கும் திசையில் போய்விட்டது.

நானும் எழுந்திருக்கலாம்தான். ஆனால் இலையில் சோற்றை வைத்துவிட்டு எழுந்தால் ராமமூர்த்தி அண்ணாச்சி வருத்தப்படுவாரே. சாப்பிட்டேன். இந்த இடத்தில் நான் மறந்துபோன ஒரு சின்ன விஷயம்: எல்லோருக்கும் முன்மாதிரியாக, முதன்முதலில் மனமுவந்து சம்மதித்தவன் நான்தான். என் புள்ளியும் டிவியில் இருந்தது.

அங்கே நடந்ததை நித்யா பிறகு சொன்னாள். என் புள்ளி தெருவைக் கடந்ததை ஹாலே மூச்சுவிடாமல் பார்த்ததாம். அண்ணாச்சியின் புள்ளி வெளியேறி விரைந்தது. என்னுடையது நகரவில்லை.

"ஒக்காந்துட்டாரு" என்றாராம் தேனி டீலர்.

இன்னொருவர், "இப்ப ரசம் வந்துருக்கும்."

"மோர் வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு போலயே." இதைச் சொன்னது என் மனைவி.

நான் திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. மச்சான் திட்டவில்லை. வெற்றிலைத் தட்டை என் பக்கமாக நகர்த்தினார். "சாப்பிட்டாச்சுல்ல, போட்டுக்கோங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் அவர் ஆல்பத்தோடு நித்யாவையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார். (எனக்கு அழைப்பில்லை.) அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நித்யா அவர் போனிலேயே அந்த அனுமதியை எடுத்துவிட்டு, "இனிமே நீங்க எங்கன இருந்தாலும் எங்களுக்குத் தெரியாது தாத்தா" என்றாள். மச்சான் ஆல்பத்தை மேஜையில் வைத்துவிட்டு, "பஞ்சர் சரியாயிருச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அண்ணாச்சி முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, "பின்னாடி டயரு" என்றார். பிறகு ஆல்பத்தைத் திறந்து, "ஒங்க ஆல்பத்தத்தான் மொதல்ல தொடுதேன்" என்றார். மெஷின் ஓடியது.

இப்போது அந்த ஆப்பில் நித்யா எழுதிய ஒரே வரிதான் இருக்கிறது: 'லாரி உங்கள் கடைக்கு வர வழி தெரிய வேண்டும், இந்த லோடுக்கு மட்டும்.' பக்கத்தில் 'வேண்டாம்' என்று சம அளவில் ஒரு பட்டன். எங்கள் குடும்பத்தில் யார் பொய் சொன்னாலும் அதற்குப் பெயர் சாத்தூர். நான் நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினால் என் மனைவி, "சாத்தூர் வழியாவா?" என்பாள்.

அவ்வளவு அவமானத்திலும் எனக்குள் ஒரு ரகசியப் பெருமை மட்டும் மிச்சமிருந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் சம்மதித்தார்களே. கெட்டதற்குத்தான் பயன்பட்டது என்றாலும், அது என் தமிழின் வெற்றி. சென்ற தை மாதம் நித்யாவின் கல்யாணத்தில் அண்ணாச்சியைப் பார்த்தபோது, பாயசம் பரிமாறி முடிந்த நல்ல நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டேன். "அன்னைக்கு அந்த வாசகத்தப் படிச்சதும் மறுக்க மனசு வரலையோ அண்ணாச்சி?"

"அத யாருவே படிச்சா?" என்றார். "பெருசா செவப்பா ஒண்ணு இருந்துச்சு, அமுக்கிட்டேன்."