எட்மண்டின் கேட் பாஸ்

எட்மண்ட் சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதைக் காப்பாற்ற ஐம்பத்திரண்டு வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

குன்னூர் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் எட்மண்டின் கேரட் பாத்திக்குள் காட்டெருமை இறங்கியது. தின்ற மட்டும் தின்று, மிச்சத்தின்மேல் படுத்து உறங்கிவிட்டும் போனது. மனுஷர் ஊட்டி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கூடை கேரட் வாங்கி வந்தார். மார்க்கெட் கேரட் மெஷினில் கழுவிப் பளபளவென்று இருக்கும். அதற்கு ஒவ்வொன்றாக மண் பூசி, நம்ம தோட்டத்து விளைச்சல் என்று பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். ஆயர் அதில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தார். அந்தச் சூட்டிலேயே, சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் பதவிக்கு எட்மண்டின் பெயரை முன்மொழிந்தார்கள். இருபது வருஷமாக அவருக்கு அந்த நாற்காலியின்மேல் ஒரு கண். தேர்தலுக்குப் பத்து வாரம் இருந்தது.

உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி யூனிஸ். மண் கரைத்த வாளியைக் கழுவிக் கவிழ்த்தவளே அவள்தான். எட்டு வருஷமாக வீட்டுத் தோட்டத்தைப் பற்றி வலைப்பூ எழுதுகிறவள். சபையில் அதைப் படிக்காத பெண் கிடையாது. ஆண்களில் படிக்காதவர் எட்மண்ட் மட்டும்தான்.

"ஏனுங்க, ஒரு மாசம் டைம் தர்றேன். நீங்களாப் போயி ஆயர்கிட்ட ஒத்துக்குங்க. இல்லீன்னா நானே பிளாக்ல எழுதிப் போட்டுருவேன்" என்றாள்.

எழுதாதே என்று சொல்லலாம். சொன்னால் அன்று சாயங்காலமே எழுதுவாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இதுகூடவா தெரியாது.

எட்மண்டுக்குத் தேயிலை ஃபாக்டரியில் ஹெட் கிளார்க் உத்தியோகம். அவர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் இல்லாமல் ஒரு மூட்டை டீத்தூள் வெளியே போகாது. மானேஜரின் கார் டிக்கியையே திறந்து பார்த்த ஆசாமி. லாரிக்குக் கேட் உண்டென்றால் வலைப்பூவுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. விசாரித்தார். வலைப்பூவோடு நாமே ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஒட்டவைக்கலாமாம். அதற்கு ப்ளகின் என்று பெயராம். முப்பதே நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று ஆன்லைன் வகுப்பு ஒன்று சத்தியம் செய்தது. சேர்ந்துவிட்டார்.

பழகிப் பார்க்க ஒரு காலி வலைப்பூ ஆரம்பித்தார். பக்கத்தின் அடியில் ஒரு தரம் 'வணக்கம்' சொல்லும் ப்ளகின்தான் முதல் பாடம். அவருடையது நானூறு தரம் சொன்னது. இரண்டாம் வாரம் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போய்ப் பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. நெட் போய்விட்டது என்று கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுத் திட்டிவிட்டார். மையில் எழுதாதது வேலையே இல்லை என்பது அவர் கொள்கை. ஆகவே அத்தனை புரோகிராம் வரிகளையும் பெரிய நோட்டில் கையால் எழுதி, அடைப்புக்குறிகளுக்கு மட்டும் சிவப்பு மை போட்டார். டீயும் வர்க்கியும் கொண்டுவந்த யூனிஸ் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஆபீஸ் கணக்கு என்றார். அவள் நோட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏழாவது வரில அடைப்புக்குறி ஒண்ணு மூடலீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அது எப்படி அவளுக்குத் தெரிந்தது என்று யோசித்திருக்க வேண்டும். எட்மண்ட் அடைப்புக்குறியை மூடினார். புரோகிராம் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் யோசனை எங்கே வரும்?

இருபத்தொன்பதாம் நாள் வேலை முடிந்தது. யூனிஸ் எதை எழுதினாலும் வலைப்பூவில் ஏறாது. முதலில் எட்மண்டின் போனுக்கு வரும். அதில் அனுமதி, மறுப்பு என்று இரண்டு பொத்தான்கள். ப்ளகினுக்குக் கேட் பாஸ் என்றே பெயர் வைத்தார். எழுத்துப்பிழை பார்க்கும் சாமான் என்று சொல்லி, வலைப்பூவில் போடட்டுமா என்று மனைவியிடம் கேட்டார். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டார்.

"தாராளமாப் போட்டுக்குங்க. பாஸ்வேர்டு பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்குது."

மறுநாள் வியாழக்கிழமை, ஃபாக்டரியில் இருக்கும்போது போன் மணியடித்தது. 'ஒரு கூடை கேரட்டின் கதை' வந்து கேட்டில் நின்றது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து மறுப்பை அழுத்தினார். கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. யூனிஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகத்தைத் தூக்கவுமில்லை. வெள்ளிக்கிழமை எப்போதும்போல வேதாகமத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

அப்புறம் ஆறு வாரம் பிளம்ஸ் ஜாம், பீன்ஸ் கொடி, நத்தைத் தொல்லை என்றுதான் வந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும், வரும்போது தேங்காய் ரெண்டு, கேஸ் புக் பண்ணவும் என்று ஒரு வரி இருக்கும். எட்மண்ட் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு அனுமதி கொடுப்பார். தேங்காயையும் வாங்கிக்கொண்டு போவார்.

தேர்தல் ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்ததும் வேட்பாளர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசலாம் என்றார் ஆயர். எட்மண்ட் புது கோட்டில் எழுந்து தொண்டையைச் செருமினார். அதற்குள் பெண்கள் சங்கத் தலைவி தபித்தாள் டீச்சர் எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"எட்மண்ட் தம்பி, கேரட் விஷயத்தை இன்னிக்காவது மனசு விட்டுச் சொல்லீருவீங்கன்னு ஆறு வெள்ளிக்கிழமையா உபவாசம் இருந்து ஜெபிக்கிறோமுங்க."

பெண்கள் பக்கம் முழுக்க ஆமென் என்றது. ஆண்கள் பக்கமும் சொன்னது. எட்மண்டுக்கு வேறு வழியில்லை. மார்க்கெட், கூடை, மண், வாளி எல்லாவற்றையும் சொன்னார். ஆயர் அவரைக் கட்டித் தழுவினார். நாற்காலி எதிர்த்து நின்ற ஆண்ட்ரூவுக்குப் போனது.

வீட்டுக்கு ஏறும் ரோட்டில் பாதி தூரம் எட்மண்ட் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கடைசியில் நின்று, பிளாக்கில் வராமல் நான்தான் தடுத்துவிட்டேனே, பிறகு எப்படி அத்தனை பேருக்கும் தெரிந்தது என்று கேட்டார்.

யூனிஸ் குடையை விரித்தாள். "பிளாக்ல போடறதுக்குத்தானுங்க உங்க அனுமதி வேணும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல ஜெப விண்ணப்பம் வெக்கறதுக்கு எதுக்குங்க?"