பிறகு பார்க்கலாம் என்று சொல்லத் தெரியாத அப்டேட் அக்கா

அந்தச் சனிக்கிழமை காலை நடந்தவை, வரிசைப்படி:

1. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு நான் குளிக்கப் போனேன்.
2. அதன் திரை மூலையில் சின்னதாக ஓர் ஆரஞ்சுப் புள்ளி இருந்தது.
3. அறையில் அப்டேட் அக்கா இருந்தார்.
4. குளியலறை வரிசையில் நின்று குளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது புள்ளி இல்லை. அக்காவும் இல்லை. டச்பேட் இருந்தது, ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் அம்புக்குறி அசையவில்லை.

இந்த உலகத்தில் 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை வாழ்நாளில் ஒருமுறைகூட அமுக்காத மனிதப் பிறவி ஒன்று உண்டென்றால், அது சிதம்பரம் மகளிர் விடுதியில் எனக்கு எதிர்க் கட்டில்காரரான அப்டேட் அக்காதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சொந்த ஊர் தேவனாம்பட்டினம். சனிக்கிழமை ஆனால் கடலூர் பஸ் ஏறிவிடுவார்.

யாருடைய போனில் அப்டேட் கேட்டுச் சிவப்புப் புள்ளி தெரிந்தாலும் அவருக்கு உள்ளங்கை அரிக்கும். வார்டன் பேசிக்கொண்டிருந்த போனையே "ஒரு நிமிசம் குடுங்கம்மா" என்று வாங்கி அப்டேட் போட்டவர். ஒருநாள் மாலை, சீரியலில் மாமியார் உண்மையைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் விடுதி டிவிக்கு அப்டேட் போட்டார். நாங்கள் எல்லாரும் தட்டில் உப்புமாவோடு சதவீதக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியார் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை பஸ்ஸில், "அண்ணே, உங்க டிக்கெட் மிசினு ஏதோ கேக்குது பாருங்க" என்று கண்டக்டருக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் ஒத்துக்கொண்டார். பி.முட்லூர் தாண்டும்வரை அந்த பஸ்ஸில் யாருக்கும் டிக்கெட் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "எங்க ஊர்ல தொறமுகத்துல புயல் கூண்டு ஏத்துனா, எங்கப்பா அன்னைக்கே படக மேட்டுக்கு இழுத்துடுவாரு. அப்புறம் பாத்துக்கலாம்னவன் படகுதான்டி போச்சு."

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். பதினோரு மணிக்கு எனக்கு ஆன்லைனில் கடைசிச் சுற்று நேர்காணல். கட்டடத்துக்கான குழாய் வரைபடம் போடும் வேலை. அவர்கள் பார்க்கப் பார்க்கத் திரையில் வரைந்து காட்ட வேண்டும். வெறும் கேள்வி பதில் என்றால் கீபோர்டை வைத்துச் சமாளித்திருப்பேன். அப்போது இருந்த ஒப்பந்த வேலை அந்த மாதத்தோடு முடியவிருந்தது. இதற்கு முன் போன இரண்டு இடங்களிலும் கடைசிச் சுற்றில்தான் கழற்றிவிட்டார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"அக்கா, என் லேப்டாப்ல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலடி. டிரைவர் அப்டேட் ஒண்ணு பாவமா நின்னுட்டு இருந்துச்சு. உள்ள உட்டேன்."

"டச்பேட் வேல செய்யல."

"புதுசுல்ல, கூச்சப்படும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பதினோரு மணிக்கு இன்டர்வியூக்கா."

"தெரியும். அதுக்குத்தான் பண்ணேன். நடுவுல வந்து அது மறிச்சிக்கிட்டு நின்னா என்ன பண்ணுவ?"

குளித்த ஈரத்தில் மூக்கை உறிஞ்சினேன். அக்கா பதறிவிட்டார். "அழுவுறியா? அழுவாத. என் மவுஸு பையிலதான் இருக்கு, எடுத்தாரேன். அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க." அதோடு இணைப்பு போனது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவர் இறங்கிய இடம் ஆலப்பாக்கம் என்று பிறகு தெரிந்தது.

நான் அழவில்லை. முதலில் அணைத்துப் போட்டேன். பிறகு டச்பேட் படம் போட்ட விசையை அமுக்கிப் பார்த்தேன். டச்பேடை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளுக்கே திரும்பலாம் என்று போனால், அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. வார்டனிடம் ஓடினேன்.

"ஆபீஸ் ரூம்ல ஒரு மவுஸு இருக்கு. ஆனா பழைய காலத்து ரவுண்டு பின்னுடிம்மா. உன்னுதுல அதுக்கு ஓட்டையே இருக்காது" என்றார். எடுத்துப் பார்த்தேன். இல்லைதான்.

மணி பத்தே முக்கால். டேப் விசையைத் தட்டித் தட்டி டச்பேட் அமைப்புகளுக்குள் ஊர்ந்து போனேன். அங்கே ஒரு வரி: 'மவுஸ் இணைந்திருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும்.' லேப்டாப் வாங்கியதிலிருந்து டிக் போட்டே இருந்த கட்டம் அது. அப்டேட் அதை அழித்திருந்தது. ஆனால் என்னிடம் மவுஸே கிடையாதே.

அப்போதுதான் கையை லேப்டாப்பின் பக்கவாட்டில் விட்டுத் தடவினேன். சார்ஜர் ஒயருக்குப் பின்னால், நகத்தளவில் ஒரு கறுப்புத் துண்டு. அக்காவின் ஒயரில்லா மவுஸுக்கான ரிசீவர். டச்பேட் என்றாலே அவருக்கு ஆகாது, "நாய்க்குட்டியத் தடவுற மாதிரி இருக்குடி" என்பார். எந்த லேப்டாப்பைத் தொட்டாலும் தன் மவுஸைச் செருகித்தான் தொடுவார். அன்று மவுஸை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, ரிசீவரை என்னிடமே விட்டுப் போயிருக்கிறார். மவுஸ் கடலூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்க, அது கூடவே இருப்பதாக நம்பி என் லேப்டாப் டச்பேடை மூடி வைத்திருந்தது.

பிடுங்கினேன். அம்பு அசைந்தது. கட்டத்தில் டிக்கையும் போட்டுவிட்டு நேர்காணல் இணைப்பில் நுழைந்தபோது எதிரில் மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

பாதி வரைந்திருப்பேன். அறைக்குள் மீன் வாடை வந்தது. கதவு திறந்தது. கேமராவில் தெரியக் கூடாது என்று அக்கா தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து, மவுஸை என் முழங்கை அருகே வைத்தார். பஸ் கிடைக்காமல் ஐஸ் மீன் வேனில் ஏறி வந்திருக்கிறார். ரிசீவரை எடுத்துக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு மேஜை ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பெட்டி எழும்பியது. அப்டேட் முழுமையடைய மறுதொடக்கம் தேவையாம். இப்போதா, பிறகா? எதிரில் இருந்த மூவருக்கும் அது தெரியும். அக்காவுக்கும் தெரிந்தது. அவர் விரல் துடித்ததை நான் பார்த்தேன். நான் 'பிறகு' மேல் அம்பைக் கொண்டுபோனதும், ஊசி போடும்போது பார்க்க மாட்டாதவர்களைப் போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வரைந்து முடிக்கும்வரை திரும்பவே இல்லை.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிதுக்கா."

"அப்ப அத இப்ப போட்டுடலாமா?"

வேலை கிடைத்துவிட்டது. வரும் முதல் தேதி கோயம்புத்தூரில் சேர வேண்டும். தங்குவதற்குத் தனி அறை தருவதாக எழுதியிருந்தார்கள். இரண்டு கட்டில் போட்டு, எதிரில் ஓர் ஆள் இருக்கும் அறை போதும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.