இறுதி ஊர்வலத்தில் திறந்த பானெட்

ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்து, முழங்காலையும் முட்டுக் கொடுத்து, லெனர்ட் டைக் அந்த அமரர் ஊர்தியை இடப்பக்கம் திருப்பப் போராடிக்கொண்டிருந்தான். ஊர்தி திரும்புவதாக இல்லை. வீலென்று கத்திக்கொண்டே நேராக வாய்க்காலை நோக்கிப் போனது.

"பிரேக்கைப் போடுப்பா!" என்று அலறினார், பக்கத்தில் பைபிளோடு உட்கார்ந்திருந்த போதகர் ரெம்பல்.

போட்டான். முன்சக்கரம் வாய்க்கால் விளிம்பில் நின்றது. பின்னால் பெட்டிக்குள் இருந்த ஓர்வில் பென்னர் ஒரு சாண் முன்னேறி வந்து, கண்ணாடித் தடுப்பில் 'டொக்' என்று முட்டினார்.

"மன்னிச்சுக்குங்க ஓர்வில் அண்ணே" என்றான் லெனர்ட், திரும்பிப் பார்க்காமலே.

பின்னால் சரளைச் சாலையின் புழுதிக்குள், விளக்கெரிய வந்துகொண்டிருந்த பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. இறந்தவர் ஊரின் ஒரே மெக்கானிக். கனடாவின் தெற்கு மானிடோபாவில் அவர் கை படாத என்ஜின் கிடையாது. ஆகவே கூட்டத்துக்குக் குறைவில்லை.

லெனர்டுக்கு வியர்த்தது. ஊர்தி மாமனார் வால்டர் ஹீப்னருடையது. இறுதிச்சடங்கு நிலையமும் அவருடையதே. போன மாதம் வழி தவறி, ஒரு ஊர்வலத்தை முழுசாகத் தானியக் கிடங்குக்குக் கூட்டிப் போய் நிறுத்தியவன் லெனர்ட். "இன்னொரு தப்பு நடந்தா, திங்கட்கிழமையிலருந்து என் தம்பியோட பன்னிப் பண்ணையில சாணி அள்ளுவே" என்று சொல்லி வைத்திருந்தார் மாமனார். இப்போது அவர் கல்லறைத் தோட்டத்து வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார்.

பதற்றத்தில் லெனர்ட் ஒரு பெருந்தவறு செய்தான். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தான்.

அந்தப் பக்கத்து ஆண்கள் பற்றியெரியும் வைக்கோல் போரைக்கூடக் கடந்து போய்விடுவார்கள். திறந்த பானெட்டைக் கடக்க முடியாது. கறுப்புக் கோட்டுகள் மளமளவென்று வந்து சூழ்ந்துகொண்டன.

"திருப்பறப்போ கத்திச்சா?" என்று கேட்டார், கனோலா என்ற எண்ணெய்வித்து பயிரிடும் விவசாயி ஹென்றி ஃபிரீசன்.

"வாலை மிதிச்ச பூனை மாதிரி கத்திச்சு."

"அப்ப ஆயில் இல்ல. ஸ்டீயரிங் பம்ப் காத்தை முழுங்குது." தன் பிக்கப்பிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து மடமடவென்று ஊற்றினார்.

"யோவ், என்னய்யா ஊத்தறே?" என்று பதறினான் மெல்வின் தீசன். பால் பண்ணைக்காரன், ஹென்றி எதைச் சொன்னாலும் மறுப்பதே பிழைப்பு.

"செவப்பாத்தானே இருக்கு? அப்ப சரியான ஆயில்தான்."

"ஒங்க வீட்டு தக்காளி சூப்பும் செவப்புதான். அதையும் ஊத்தறியா?"

வழிய வழிய ஊற்றியாயிற்று. லெனர்ட் என்ஜினைக் கிளப்பினான். நுரை பொங்கியது. சூடான என்ஜின் மேல் வழிந்தது. குப்பென்று புகை. போதகர் இரங்கல் அட்டையால் விசிறினார்.

ஸ்டீயரிங் முன்னைவிட இறுகியிருந்தது.

"காத்து உள்ள மாட்டிக்கிச்சு. முன்பக்கத்தைத் தூக்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினா வெளிய வந்துரும்" என்றான் மெல்வின்.

ஜாக்கி வந்தது. முன்பக்கம் எழும்பியது. முன்பக்கம் எழும்பினால் பின்பக்கம் சரியும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓர்வில் இந்தத் தடவை எதிர்த்திசையில் புறப்பட்டார்.

"பிடிங்கடா! பிடிங்கடா!"

பெட்டி தூக்கிகள் ஆறு பேரும் ஓடிப் போய்ப் பின்கதவில் முதுகைக் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து லெனர்டின் போன் அடித்தது.

"எங்கடா இருக்கே?" என்றார் மாமனார்.

"கிட்ட வந்துட்டோம் மாமா."

"தம் கட்டுங்கடா!" என்று பின்னால் ஒரு குரல்.

"என்னடா சத்தம் அங்கே?"

"ஜெபம் நடக்குது மாமா" என்று சொல்லி போனை அணைத்துவிட்டான்.

பெட்டியை இறக்கி ஏதாவது ஒரு மரநிழலில் வைக்கலாம் என்றார் போதகர். அப்போதுதான் ஓர்விலின் மனைவி ஜஸ்டினா, கறுப்பு முக்காடும் கைக்குட்டையுமாக வந்தார்.

"தூரமா கொண்டுபோகாதீங்க. இங்கயே, பானெட் பக்கத்துலயே இருக்கட்டும்."

"பாசத்தைப் பாருங்க" என்று போதகர் கண் கலங்கினார்.

மெல்வின் தன் பிக்கப்பைப் பின்பக்கமாகக் கொண்டு வந்து நிறுத்த, பெட்டி அதில் ஏறியது. சற்று நேரத்தில் மலர்வளையத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, பெட்டியின் மூடிமேல் யாரோ ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கினார்கள். உயரம் வாகாக இருந்தது.

எதிரே வந்த வண்டிகள், வழக்கப்படி, இறந்தவருக்கு மரியாதையாக ஓரங்கட்டின. ஓட்டி வந்தவர்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். பானெட்டைப் பார்த்தார்கள். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, டூல் பாக்ஸோடு வந்தார்கள்.

கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பம்ப் கட்சி. ஹோஸ் கட்சி.

"ஆயில் போற ஹோஸ் உள்ளுக்குள்ள அடைச்சிருக்கு. கழட்டிப் பாத்தா தெரியும்."

"ஒன் மூளை அடைச்சிருக்கு. பம்ப் செத்துப் போச்சு."

"என் அனுபவத்துல..." என்று ஆரம்பித்தார் போதகர்.

"நீங்க பரலோகத்தைப் பாருங்க போதகரே. பானெட்டை எங்ககிட்ட விட்டுருங்க."

ஜஸ்டினாவின் தோள்கள் குலுங்கின. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். லெனர்ட் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ஏங்க, அழவைக்கிறீங்களே அந்தம்மாவை! சீக்கிரம் முடிங்க!"

சீக்கிரம் முடிக்க முனைந்தார்கள். மெல்வின், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸைக் கழற்றினான். சிவப்பு ஆயில் பீய்ச்சியடித்து, வெள்ளை லில்லிப் பூக்களையும் போதகரின் வெள்ளைச் சட்டையையும் குளிப்பாட்டியது. அப்போதுதான் காரை நிறுத்தி இறங்கிய ஒரு பெண்மணி, போதகரைப் பார்த்து வீலிட்டு, மறுபடி ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

"ஓர்வில் இருந்திருந்தா..." என்று பெருமூச்சு விட்டார் ஹென்றி.

"இங்கதானே இருக்காரு" என்றான் மெல்வின், ஓர்விலின் மேலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தபடி.

"ஹோஸ்ல ஒண்ணுமில்லேல்ல? பம்ப்தான்னு நான் அப்பவே சொன்னேன். பம்ப்பை ஓட்டற பெல்ட்டைக் கழட்டிட்டு, அது கையால சுத்துதான்னு பாக்கலாம்." ஹென்றி என்ஜினை நிறுத்தச் சொல்லி, ஒரு நீளக் கம்பியை பெல்ட்டுக்கு அடியில் விட்டு, உடம்பு பாரத்தைப் போட்டு நெம்பினார்.

படார்!

பெல்ட் இரண்டு துண்டாகி, ஒரு துண்டு வயலுக்குள் போய் விழுந்தது. அங்கிருந்து ஒரு குருவி கத்திக்கொண்டு பறந்தது.

"இனிமே சத்தம் வராது" என்றார் ஹென்றி, பொதுவாக.

சாலைக் கோடியில் புழுதி எழுந்தது. மாமனாரின் கறுப்புக் கார். வால்டர் ஹீப்னர் இறங்கினார். அந்தரத்தில் நிற்கும் தன் ஊர்தியைப் பார்த்தார். சரளையில் கிடந்த ஹோஸைப் பார்த்தார். சிவப்புப் போதகரைப் பார்த்தார். கடைசியாக, மூடிமேல் ஸ்பேனர்களோடு பிக்கப்பில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"லெனர்ட்."

"மாமா..."

"பூட்ஸ் என்ன சைஸு போடுவே?"

"எதுக்கு மாமா?"

"பண்ணையில சாணிக்குள்ள நிக்கறதுக்கு. வண்டியைச் சரியா பாக்காம எடுத்துட்டு வந்து, ஒரு நல்ல மனுஷனோட கடைசிப் பயணத்தை இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுட்டியேடா!"

லெனர்ட் தலையைத் தொங்கப்போட்டான். கறுப்புக் கோட்டுகளும் தலையைத் தொங்கப்போட்டன. ஹென்றி கையிலிருந்த கம்பியை மெதுவாக மெல்வின் கைக்கு மாற்றினார்.

ஜஸ்டினா முன்னால் வந்தார். முகத்திலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் அந்த முகம் அழுத முகமாக இல்லை.

"வால்டர், பையனைத் திட்டாதே" என்றார், பெட்டியின் மேல் கையை வைத்து. "காலையில உன் வண்டி வாசல்ல நின்னப்போ, பம்ப் போல்ட்டை லூஸ் பண்ணி பெல்ட்டைத் தொளதொளன்னு ஆக்கினது நான்தான், 'நாப்பது வருஷமா பானெட்டைச் சுத்தி நின்னு இவனுங்க தப்புத் தப்பா சொல்றதைக் கேட்டுக்கேட்டு, எழுந்து போய் எழுந்து போய் சரி பண்ணிட்டேன் ஜஸ்டினா, ஒரே ஒரு தடவையாவது படுத்துக்கிட்டே கேக்கணும்'னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுல்ல போனாரு!"