பெரிய ஃபாதரின் நடை

எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. எக்ஸ்ரே எடுத்தே பார்த்தாயிற்று. ஆனாலும் இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், ஒரே தடவையாக எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

குருப்பட்டம் வாங்கிய கையோடு என்னை டெல்லியில் தமிழர்கள் வரும் கோயில் ஒன்றுக்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பினார்கள். பங்குத்தந்தை மரியதாஸ் ஃபாதர், தூத்துக்குடிக்காரர். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி இடது முழங்காலை உடைத்துக்கொண்டு, அதிலிருந்து அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடப்பவர் (டெல்லியில் பஸ் நிற்கட்டும் என்று காத்திருந்தால் வீடு போய்ச் சேர முடியாது). குழந்தைகளுக்கு அவர் படே ஃபாதர், அதாவது பெரிய ஃபாதர்; நான் சோட்டே ஃபாதர், சின்னவன்.

எனக்கு அவர்மேல் பக்தி. கடவுளுக்கு அடுத்து அவர்தான். சில நாட்களில் வரிசை மாறியும் இருந்தது. அவர் மாதிரியே பிரசங்கத்தின் நடுவே கண்ணாடியைக் கழற்றினேன் (எனக்குப் பார்வைக் குறையே கிடையாது; கழற்றுவதற்காகவே ஒன்று வாங்கினேன்). அவர் மாதிரியே டீயை சாசரில் ஊற்றிக் குடித்தேன். நோயாளிகளைப் பார்க்க மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு நாலு வருஷம் அவர் வேகத்திலேயே கூட நடந்தேன். எந்த நாளில் அவர் கால் எனக்கு வந்து சேர்ந்தது என்று சத்தியமாகத் தெரியாது. ஒருமுறை பங்குப் பேரவை ஆரோக்கியமேரி அம்மா என் கையில் முட்டிவலித் தைலம் ஒன்றைக் கொடுத்தார். பெரிய ஃபாதருக்காக்கும் என்று கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

டெல்லியில் அவருடைய கடைசிப் பூசை, அவர் குருவாகி ஐம்பது வருஷம் ஆன பொன்விழாப் பூசை. மறுநாள் ஊருக்கு ரயில். அங்கே முதிய குருக்கள் இல்லம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு பூசை வைப்போம் என்பதால் நாங்கள் இருவரும் கோயில் நடுப்பாதையில் சேர்ந்து நடந்ததே இல்லை. அன்று அவர்தான் கூப்பிட்டார்.

"ஓய், இன்னைக்கு நீரு என் பக்கத்துல வாரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு ஆரம்பித்தது, பவனி புறப்பட்டோம். அவர் இடது காலைத் தாங்கினார். நானும் தாங்கினேன். அவர் சாய்ந்த பக்கம் நானும் சாய்ந்தேன். பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குழந்தை கணீரென்று சொன்னது: "மம்மி, தேக்கோ! சோட்டே ஃபாதர் படே ஃபாதர் கீ நகல் உதார் ரஹே ஹைன்!"

சின்ன ஃபாதர் பெரிய ஃபாதரைப் போல நடித்துக் காட்டுகிறாராம். கோயிலே சிரித்தது. குனிந்து என் காலைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பெரிய ஃபாதரும் பார்த்தார். அவர் முகம் சுருங்கியதை நினைத்தால் இன்றும் எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பூசை முழுக்க என் மனதில் செபம் இல்லை, ஒரே தீர்மானம்தான். திரும்பிப் போகும்போது நேராக நடந்துவிட வேண்டும். முடிவுப் பாடலுக்கு நெஞ்சை நிமிர்த்தி, குடியரசு தின அணிவகுப்பில் போவது மாதிரி காலைத் தூக்கி வைத்து நடந்தேன். அதோடு என் கதை முடிந்தது. நேராக நடக்கத் தெரிந்தவன் என்றால், வரும்போது நடந்தது நடிப்புதானே? இப்போது யாரும் சிரிக்கவில்லை. "சே, வயசானவரைப் போய்..." என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பூசை உடுப்பு மாற்றும் அறையில் அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நாலு வருசமா எங்கிட்ட இதத்தான் படிச்சீராக்கும்?"

"ஃபாதர், சத்தியமா எனக்கே தெரியாது."

"இப்ப மட்டும் நல்லா நடந்தீரே?"

"அது கஷ்டப்பட்டு நடந்தேன் ஃபாதர்."

"சரி ஓய். காலு என்னோடது, வலியும் என்னோடது. சிரிப்பு மட்டும் ஊருக்கு."

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். தாங்கி நடந்தால் கேலி, நேராக நடந்தால் பொய். வேறு வழி தெரியாமல் அவர் பெட்டியைக் கூலியிடம் கொடுத்துவிட்டு பிளாட்பார முனையிலேயே அசையாமல் நின்றுவிட்டேன். கோச் வரைக்கும் வரக்கூட இவனுக்கு மனசில்லை என்று அவர் நினைத்திருப்பார். வண்டி போன பிறகுதான் அதுவும் எனக்கு உறைத்தது.

பிறகு ஆறு வருஷம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்வேன். "என்ன நடிகரே, கால் சௌக்கியமா?" என்பார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவார். கோபமா, கிண்டலா? அந்த ஒரு வரியை அடுத்த கிறிஸ்துமஸ் வரை மென்றுகொண்டிருப்பேன். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடமும் போய்ப் பார்த்தேன். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லை" என்றார். எனக்கு ஒன்றுமே இல்லை என்பதுதானே என் வியாதி!

போன வருஷம் மரியதாஸ் ஃபாதர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனேன். இல்லத்தின் வாசலிலிருந்து சிற்றாலயம் வரை நீளமான பாதை. இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு வயதான குருக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"டெல்லி நடிகரா?"

சாவுக்கு வந்த இடத்திலுமா என்று ஆகிவிட்டது. "நடிப்பு இல்ல ஃபாதர்" என்றேன். அழுதேவிட்டேன்.

"தெரியும்யா. நீரு நேரா நடந்தீரு பாத்தீரா, அதுதான் நடிப்புன்னு மரியதாஸ் ரயில்லயே கண்டுபிடிச்சிட்டாராம். வாரவன் போறவன்ட்டல்லாம் அதத்தான் சொல்லுவாரு. 'எங் காலு டெல்லியில ஒருத்தன்ட்ட இருக்கு'ன்னு ஒரே பெருமை. இப்பவும் சாப்பாட்டு மேசையில உம்ம மாதிரி யாராச்சும் நடந்து காட்டாத நாளே கிடையாது."

பெட்டிக்குள் அவர் அமைதியாகப் படுத்திருந்தார். குனிந்து நெற்றியில் முத்தமிட வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது கோபம்தான். ஆறு கிறிஸ்துமஸ், ஃபாதர். போனை வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, "உம்ம நம்புதேன் ஓய்" என்று சொல்லியிருக்கக் கூடாதா?