படுத்துக்கொண்ட மஞ்சள் கரு

கடையின் பழைய வாடிக்கையாளர் ஹாலிஸ் முள்கரண்டியால் மஞ்சள் கருவைத் தொட்டுப் பார்த்தார். அது நிமிர்ந்து நிற்கவில்லை. தட்டோடு தட்டாகப் படுத்துக்கொண்டது.

"ஓரின், இங்க வா. இந்த முட்டைக்கு என்ன வயசு?"

"இன்னிக்குக் காலையில வந்ததுப்பா."

"வந்தது இன்னிக்கு. பொறந்தது என்னிக்கு?"

ஓரின் அவர் கோப்பையில் காபி ஊற்றினான்.

வெர்மான்ட் மலைப்பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊருக்குக் காலைச் சாப்பாடு என்றால் ஓரின் கடைதான். பனிக்காலக் காலையில் காருக்குள் ஹீட்டர் சூடு பரவுவதற்குள் போய்ச் சேர முடியாத தூரத்தில் விளைந்த எதுவும் அவன் தட்டில் ஏறாது. பன்றிக்கறி யார் பண்ணை, மேப்பிள் பாகு யார் தோப்பு, வெண்ணெய் யார் மாடு என்று வாசல் கரும்பலகையில் பெயர் பெயராக எழுதியிருக்கும். காபிச் செடி யார் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது என்று ஹாலிஸ் கேட்கும்போது மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

முட்டைக்கு நேரே இருந்த பெயர் வெர்னா பெல்கி. மற்றப் பெயர்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த ஒரு பெயரை மட்டும் தினமும் அழித்துப் புதிதாக எழுதுவான்.

மேட்டுப் பண்ணையில் தனியாக இருப்பவள் வெர்னா. முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை பின்வாசல் வழியாகக் கூடையோடு வருவாள். அடுப்பருகே நின்றபடியே ஒரு காபி குடிப்பாள். பனியைப் பற்றி ஏதாவது சொல்வாள். போய்விடுவாள். மனைவி இறந்து ஐந்தாறு வருடங்களாகப் பேச்சே இல்லாத வீட்டில் படுத்து எழுகிற ஓரினுக்கு, அவள் வராத நாள்கள் எல்லாம் ஒரே நீளமான நாளாகத் தெரிந்தன.

அதனால் இலையுதிர் காலத்தில் ஒரு பொய் சொன்னான். கடையில் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது, இனி தினமும் முட்டை வேண்டும் என்றான். வெர்னாவும் தினமும் வர ஆரம்பித்தாள்.

கூட்டம் என்னவோ அதே கூட்டம்தான். முட்டை மட்டும் மலையாகக் குவிந்தது. ஓரின் எல்லாவற்றிலும் முட்டையைப் போட்டான். ஆம்லெட்டுக்குத் துணையாக அவித்த முட்டை. அதற்குத் துணையாக முட்டை சாலட். சூப்பிலும் ஒன்று மிதந்தது. விடிந்ததும் தனக்கே கூவத் தோன்றுகிறது என்று ஹாலிஸ் புகார் செய்தார்.

பிறகுதான் ஓரினுக்கு அந்த யோசனை வந்தது. பக்கத்து ஊரில் லூசியன் மளிகைக் கடை வைத்திருந்தான். சுற்றுப் பண்ணைகளின் முட்டையெல்லாம் அங்கே வந்து சேரும். மிஞ்சுகிற முட்டையைக் கடை அடைத்ததும் கொண்டுபோய் அவனிடம் சும்மாவே இறக்கிவிடலாம். வெர்னாவுக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் எல்லார் வீட்டுக் கோழிகளும் முட்டையிடாமல் ஓய்வெடுத்தபோதுகூட வெர்னாவின் கூடை குறையவில்லை. எப்படி என்று ஓரின் கேட்டான்.

"கொட்டகையில விளக்குப் போட்டிருக்கேன், வெளிச்சம் இருந்தா கோழி முட்டை போடும்." காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்த வருஷம் நரித் தொல்லைதான் ஜாஸ்தி. இன்னும் அரைக் கோப்பை ஊத்துவீங்களா? எனக்கு ஒருத்திக்காக வீட்ல காபியே போடறதில்ல."

ஓரின் முழுக் கோப்பை ஊற்றினான்.

இப்போது மஞ்சள் கரு படுத்துக்கொண்டுவிட்டது. பொரித்த முட்டையை நிறுத்திவிட்டுக் கிளறிய முட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தான். பால் ஊற்றி ஏமாற்றுகிறான் என்றார்கள். அவித்துக் கொடுத்தான். புது முட்டை என்றால் ஓடு ஒட்டிக்கொண்டு உரிக்க விடாது, இது சட்டையைக் கழற்றுவது போலக் கழல்கிறதே என்று ஹாலிஸ் எல்லாருக்கும் உரித்துக் காட்டினார்.

"நீ சொல்லலைன்னா அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்றேன்."

சொன்னபடியே மறுநாள் கடை திறக்கும் முன்பே பின்வாசலில் வந்து நின்றார். வெர்னா கூடையை இறக்கினாள். ஹாலிஸ் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறந்தால் இவள் முகம் வாடும், நாளை முதல் வரமாட்டாள் என்று ஓரினுக்குத் தோன்றியது. முந்திக்கொண்டான்.

"ஹாலிஸ் உங்களைப் பாராட்டத்தான் வந்திருக்கார். இப்படி ஒரு முட்டை இந்த மலையிலயே கிடையாதாம்."

வெர்னாவின் முகம் சிவந்தது. ஏனோ அது மகிழ்ச்சி மாதிரித் தெரியவில்லை.

"அப்படியா? அப்ப நாளையிலேர்ந்து இன்னொரு கூடை சேர்த்துக் கொண்டு வரேன்."

அவள் போனதும் ஹாலிஸ் ஓரின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு நாக்குல கோளாறா, வேற எங்கயாவதா?" என்று கேட்டுவிட்டு, கூடத்துக்குப் போய் ரொட்டி மட்டும் கேட்டார்.

இரண்டு கூடைகள் வந்த அன்று கடையில் ஒருவரும் முட்டையைத் தொடவில்லை. ஓரின் கரும்பலகை முன்னால் நின்றான். பெயரை அழிக்கலாம். அழித்தால் அடுப்பருகே அந்த இடம் காலியாகிவிடும். ஈரக் காலணி நின்ற தடம்கூட மதியத்துக்குள் காய்ந்துவிடும். அழிக்க மனம் வரவில்லை. வேறு யாருடைய முட்டையாவது வாங்கி, அவள் பெயரிலேயே பரிமாறுவது என்று முடிவு செய்தான். இத்தனை வருடத்தில், பலகையில் எழுதியபடியே பரிமாறும் கடையின் சட்டத்தை அவன் மீறியதே இல்லை.

கடை அடைத்ததும் இரண்டு கூடைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு லூசியனிடம் போனான்.

"இதை வெச்சுக்க. எனக்குக் கொஞ்சம் புது முட்டை கொடு. எங்கேர்ந்து வந்ததுன்னு கேக்க மாட்டேன்."

லூசியன் கூடைகளைப் பார்த்தான். ஓரினைப் பார்த்தான். வாசலில் யாராவது வருகிறார்களா என்றும் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"என்னால இனிமே முடியாதுப்பா. கோழியையெல்லாம் நரி தூக்கிட்டுப் போனதிலேர்ந்து, நீ இறக்கிட்டுப் போறதைத்தான் வெர்னா தினமும் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போறா, உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அவளும் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."