சென்னிமலையின் உணவுக்குழாய்

பீடியை விட்ட முதல் நாளே சென்னிமலைக்கு விரல்கள் பரபரத்தன. சோமனூரில் தறிக்குடோன் வைத்திருப்பவர். நெஞ்சு எரிகிறது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. மனைவி சுப்பாத்தாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை எண்டோஸ்கோப்பிக்கு நாள் வாங்கிவிட்டாள்.

"பீடி ஆகாதுங்க. பொகை பட்டுப் பட்டு உணவுக்குழாய்ல கேன்சர் வருமாமா."

சரி, வெற்றிலை போடலாம் என்று அவளுடைய பெட்டியைத் தேடினார். காணோம்.

"அத நானே உட்டுப்போட்டனுங்க. பொகையெலய இழுத்தா என்ன, மென்னா என்ன? சாறு அதே குழாய்லதான எறங்குது?"

வாய் நமநமத்தது. கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றிக்கொண்டார். டம்ளரைப் பிடுங்கி ஆற்றினாள்.

"கையில ஊத்துனா கொப்புளிக்குமுங்க. உள்ள மட்டும் இரும்பா? தெனமும் வெந்து வெந்து அந்தத் தோலே கெட்டுப்போகும்."

"ஏம்புள்ள, நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

பீடியும் இல்லை, சூடும் இல்லை, தூக்கமும் போயிற்று. குடோனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு குவார்ட்டர் பிராந்தி. வாடை தெரியாமலிருக்க வயிறு முட்டப் புரோட்டா. வந்து படுத்ததும் எல்லாம் தொண்டைவரை ஏறியது.

வயிற்றின் வாயில் ஒரு தசை வளையம் உண்டு. உணவை உள்ளே விட்டதும் இறுக மூடிக்கொள்ளும். மது அதைத் தளர்த்தும். நிறைந்த வயிறு அதைத் தள்ளும். படுத்துவிட்டால் அமிலம் மேலே வரத் தடையே இல்லை. நாள்பட அந்த அமிலமும் குழாயின் தோலை மாற்றிவிடும்.

சுப்பாத்தாள் தலையணையை உயர்த்தி வைத்தாள்.

"பீடியோட பிராந்தியும் சேந்தா ஆபத்து பல மடங்குங்க."

"திட்டறதுன்னா திட்டிப்போடு, அம்மணி."

"திட்டறதுக்குத் தெம்பில்லீங்க."

வெள்ளிக்கிழமை குழாய் உள்ளே போய் வந்தது. டாக்டர் சொன்னார், "வெறும் அமிலப் புண்ணுங்க. மாத்திரையில ஆறிடும். ஆனா பீடி, பிராந்தி பக்கமே போகக்கூடாது."

சென்னிமலை மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார்.

"பாத்தியா? ஒரு வாரமா என்னையக் கேன்சர்க்காரனாவே ஆக்கிப்போட்ட! மரத்துப்போன தொண்ட தெளியட்டும், புரோட்டா திங்கப் போலாம்."

சுப்பாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. அப்போது நர்ஸ் ஹர்ஷிணி வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"ஐயாவுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சாத்தான் உங்க உணவுக்குழாய் ஆபரேசனுக்கு ஒத்துக்குவேன்னீங்க. இப்ப நாள் குறிச்சரலாமுங்களா, அம்மா?"