எண்ணெய் குறையாத கார்

நாலாவது முறையாகக் கணக்கு வாத்தியார் ஆயில் குச்சியை உருவினார், துடைத்தார், விட்டார், மறுபடி உருவினார். எண்ணெய் கோட்டுக்குச் சரியாக நின்றது.

"ஏங்க, போதும் ஏறுங்க. நீங்க குச்சியைப் பார்த்து முடிக்கறதுக்குள்ள பிள்ளை பொறந்து பள்ளிக்கூடம் போயிடும்" என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி.

வாத்தியார் ஏறிச் சாவியைத் திருகினார். டேஷ்போர்டில் எண்ணெய்க் குப்பிப் படம் போட்ட சிவப்பு விளக்கு நல்ல பிள்ளையாக அணைந்தது. தெருமுனை தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் பளிச், பளிச் என்று விட்டுவிட்டு எரிந்தது. பயந்து வேகத்தைக் குறைத்தார். அணைந்துவிட்டது.

மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தூரம். வலி வந்தால் இருபத்தைந்து வயதான இந்தக் கார்தான் கதி. அந்த விளக்கு நிஜமாகவே எரிந்தால் இன்ஜினுக்கு எண்ணெய் ஏறவில்லை என்று அர்த்தம். மீறி ஓட்டினால் இன்ஜின் நடுரோட்டில் கட்டையாக இறுகிவிடும். பிரசவ வலியோடு மனைவி, இறுகிப்போன காரோடு தான் என்று நினைத்து நினைத்து, ராத்திரியில் எழுந்துபோய்க்கூட ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார்.

கணக்கு வாத்தியார் இல்லையா? நோட்டுப் போட்டு எழுதினார். தனியாக ஓட்டியது ஒன்பது தடவை: விளக்கு எரியவில்லை. மனைவியோடு ஓட்டியது பன்னிரண்டு தடவை: பன்னிரண்டிலும் எரிந்தது.

"அப்ப நான்தான் ரிப்பேரா?" என்றாள் மனைவி.

"நான் அப்படிச் சொல்லல. கணக்கு சொல்லுது."

"உங்க கணக்குல இதையும் எழுதிக்கோங்க. ஆஸ்பத்திரிப் பையை இடது பக்கம் வச்சிருக்கேன். அது நகர்ந்து நகர்ந்து என் மேலேயே வந்து இடிக்குது. நேர் ரோட்டுலயும்தான்."

"சீட்டு சரிவா இருக்கும்" என்றார் வாத்தியார். பையைத் திரும்ப இடது பக்கம் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று அரை லிட்டர் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினார். அவ்வளவுதான். கார் நீலப்புகை கக்கியதில் தெருவில் ஜன்னல்கள் படபடவென்று மூடின. விளக்கு மட்டும் பழையபடியே எரிந்தது.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு கூடுதல் எண்ணெயை வடித்தார். தனியாகப் பத்துச் சுற்றுச் சுற்றினார். விளக்கு மூச்சு விடவில்லை.

"சார், வண்டி கல்லு மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் ஏதோ பிரமை."

"என் மனைவியை ஏத்திக்கிட்டு ஓட்டுங்க. அப்புறம் சொல்லுங்க."

ஏற்றிக்கொண்டு ஓட்டினார். முதல் வேகத்தடையிலேயே பளிச்.

மெக்கானிக் ஆயில் சுவிட்சை மாற்றினார். விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. ஆயில் பிரஷர் மீட்டரை மாட்டி ஓட்டிப் பார்த்தார். முள் கம்பீரமாக நின்றது, விளக்கு பளிச் பளிச்சென்றது.

"இருபது வருஷமா வண்டி பிரிக்கறேன். அழுவுற வண்டி பார்த்திருக்கேன், முனகுற வண்டி பார்த்திருக்கேன். பொய் சொல்ற வண்டியை இப்பத்தான் பார்க்கறேன். இருங்க, வாயை அடைச்சுடலாம்."

சுவிட்சிலிருந்து ஒயரையே பிடுங்கிவிட்டார். இனிமேல் எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்தாலும் எரியாது என்று சத்தியம் செய்தார். மனைவி பின்னால் ஏறினாள். கார் வேகம் எடுத்தது. பளிச்.

மெக்கானிக் காரை ஓரங்கட்டினார், இறங்கினார், தள்ளிப்போய் நின்றுகொண்டார். வாத்தியார் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார்.

"இன்னொரு ஒயர் இருக்கு சார். இதே விளக்குலேருந்து யாரோ பிரிச்சு, விரிப்புக்கு அடியில பின்சீட்டுக்குக் கொண்டு போயிருக்காங்க."

"அப்ப பின்சீட்டைக் கழட்டிப் பாருங்க."

"கழட்டறதா? நானா? எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு சார். வண்டியை வித்தவங்களைப் போய்க் கேளுங்க."

காரை விற்றவர் அடுத்த தெருவில் இருந்த பேண்டு மாஸ்டர். மறுநாள் காலையில் வாத்தியாரும் மனைவியும் அங்கே கிளம்பினார்கள். அன்றைக்கு விளக்கு விட்டுவிட்டு எரியவில்லை. வாசலில் கிளம்பியதிலிருந்து விடாமல் எரிந்தது. நடக்கிற வேகத்துக்குக் குறைத்துப் பார்த்தார், அப்போதும் அணையவில்லை.

"முதுகு வேற காலையிலேருந்து கடுக்குது. பக்கத்துல யாரோ உக்காந்து என் கையைப் பிடிச்சுப் பார்க்கற மாதிரியே இருக்குங்க" என்றாள் மனைவி. வாத்தியார் சட்டென்று பிரேக் போட்டார். கண்ணாடியில் பார்த்தார். மனைவியும் பையும்தான் இருந்தார்கள்.

பேண்டு மாஸ்டர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் வந்து கார் ஜன்னல் வழியாக எட்டி, எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அட, இது ஆயில் விளக்கு இல்ல தம்பி, எங்கம்மா விளக்கு! டிரம் அடிச்சு அடிச்சு எங்க வீட்டுக்காரருக்குக் காது போச்சு. பின்னாடி உக்காந்து எங்கம்மா கத்தறது ஒண்ணும் விழாது. உலகத்துல எதுக்கும் அசையாத மனுஷன், ஆயில் விளக்கு எரிஞ்சா மட்டும் பதறுவார். அதனால அதுலேயே ஒயர் இழுத்து அம்மாவுக்கு ஒரு சுவிட்ச் போட்டுக் குடுத்துட்டார். விட்டுவிட்டு எரிஞ்சா, மெதுவாப் போன்னு அர்த்தம்."

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மாமியார் விளக்கா? அடக் கடவுளே! உங்கம்மா எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

"எப்பவும் இடது பக்கம்தான்."

"பை! பைதான் சுவிட்சை அழுத்துது! இவ ஏறினாத்தானே பையும் ஏறுது. கணக்கு சரியாப் போச்சு!"

பின்கதவைத் திறந்து வெற்றி வீரனைப்போலப் பையைத் தூக்கினார். விளக்கு அணையவில்லை.

"அம்மா, விட்டுவிட்டு எரிஞ்சா மெதுவா. சரி. விடாம எரிஞ்சா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் மனைவி.

"விடாம எரிஞ்சா, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டுன்னு அர்த்தம். எங்கம்மா முப்பது வருஷம் மருத்துவச்சி. வலிக்காரப் பொண்ணுங்களை இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போவாங்க. கையைத் தொட்டாலே நேரம் சொல்லிடுவாங்க."

"ஏங்க" என்றாள் மனைவி. சீட்டு நனைந்திருந்தது. "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

வாத்தியார் பையை முன்னால் எறிந்தார், குதித்து ஏறினார், இன்ஜினை முடுக்கினார். சிவப்பு விளக்கு அவர் முகத்துக்கு நேரே நிலையாக எரிந்துகொண்டிருந்தது. "இதை வச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாதும்மா. அந்தச் சுவிட்ச் சீட்டுல எங்க இருக்கு? சீக்கிரம் சொல்லுங்க, பிடுங்கிப் போட்டுட்டுப் போறேன்!"

"சீட்டுல எங்க இருக்கு? அது கையில பிடிக்கிற சுவிட்ச் தம்பி. சாகும்போதுகூட அம்மா அதை விடமாட்டேன்னுட்டாங்க, ஒயரை வெட்டிக் கையோட வச்சுத்தான் புதைச்சோம்."